காய்மகாரம் கழுவிய கண்ணாடிகள்

தலையான பாவங்கள் ஏழனுள் சோம்பல் ஒன்றை மட்டுமே பிலேந்திரன் பக்தியோடு கைக்கொண்டிருந்தார். மற்ற ஆறையும் நாடிப் போக அவருக்குச் சோம்பலாக இருந்தது.

ஆகையால், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு கழிந்து, ஹவுகெட்டோவில் கடைசிப் பனியும் கரைந்து, அயலிலுள்ள நோர்வேஜியர் யாவரும் வாளியும் தும்புத்தடியுமாக வெளியே இறங்கிய அப்புண்ணிய காலத்திலும் அவர் செற்றியை விட்டு எழவில்லை. ஆறு மாதம் தவமிருந்து பெற்ற சூரியன் யன்னல்வரை வந்து, கண்ணாடியில் அப்பியிருந்த அழுக்கைக் கண்டு திரும்பிப் போனது. மழைநீர் வடியும் கூரைப்பீலியில் சென்ற ஆண்டின் இலைகள் மக்கி, அதில் புல்லும் முளைத்திருந்தது. மனைவி மரியகொறற்றி ஏணியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவருக்கு இடுப்பை அசைக்கவிடாத நாரிப்பிடிப்பு வந்துவிடும். மூன்று வசந்தங்களாக அது தவறாமல் வந்தது.

அந்த வியாழக்கிழமை கொறற்றி ஏணியைப் பற்றிப் பேசவேயில்லை.

"இஞ்சருங்கோ, யன்னலைப் பற்றி நீங்கள் இனி யோசிக்க வேண்டாம். சனிக்கிழமை யேசுரட்ணம் அண்ணை வந்து கழுவித் தாறாராம்."

யேசுரட்ணம் முற்றத்துக்கு அப்பால் நேரெதிர் வீட்டில் இருப்பவர். கோயிற் பாடகர் குழுவில் முன்வரிசை. ஐம்பது வயதிலும் ஒரு முடி உதிராத தலை. இவ்விரண்டையும் பிலேந்திரன் மன்னித்ததில்லை.

"அவர் ஏன் வாறார்?"

"பூசை முடிய அவராத்தான் கேட்டவர். தங்கமான மனுசன்! பீலியும் துப்புரவாக்கித் தருவாராம்."

"பீலியுமோ?"

"ஓம். நீங்கள் சாய்ஞ்சு இருங்கோ. எனக்கு உங்கடை நாரிதான் முக்கியம்."

தங்கமான மனுசன்! இருபத்திரண்டு வருட இல்லறத்தில் பிலேந்திரனுக்குப் பித்தளை என்ற பட்டங்கூடக் கிடைத்ததில்லை. அக்கணமே பொறாமை என்னும் காய்மகாரம் கொடி, குடை, ஆலவட்டங்களோடு அவர் நெஞ்சில் எழுந்தருளியது. சோம்பல் பின்வாசலால் வெளியேறியது.

தம் வீட்டைத் தாமே கழுவியிருக்கலாம். ஆனால் அது நாரிப்பிடிப்பு பொய்யென்று அறிக்கையிடுவதாகும். யேசுரட்ணத்தின் பெயரைக் கேட்டுத்தான் எழும்பினார் என்ற பழி வேறு வந்து சேரும். எனவே, எதிரி வேலைக்குப் போன நேரம் பார்த்து, அவர் மனைவி யோசெப்பினிடம் முறையிடச் சென்றார்.

"பிள்ளை, உம்மடை மனுசன் ஆற்றையோ வீட்டு யன்னல் எல்லாம் கழுவப் போறாராம். தெரியுமோ?"

யோசெப்பின் கண்களை ஒற்றிக்கொண்டாள்.

"தெரியும் அண்ணை. எங்கடை யன்னலைப் பாருங்கோ. விடிஞ்சுதோ பொழுதுபட்டுதோ எண்டு மணிக்கூட்டைப் பாத்துத்தான் அறியிறன்."

பிலேந்திரனின் உள்ளத்தில் ஓர் உபாயம் ஒளி வீசிற்று.

"அழாதையும். சனிக்கிழமை நான் வந்து கழுவித் தாறன். தன்ரை வீட்டு ஏணியிலை நான் நிக்கிறதைக் கண்டால் அந்தாள் வெக்கத்திலை எங்கடை வீட்டை விட்டிட்டு ஓடி வந்திடும்."

"ஐயோ அண்ணை, உங்கடை நாரி?"

"அது எங்கடை வீட்டிலை மட்டுந்தான் பிடிக்கும். கொறற்றிக்குச் சொல்லிப் போடாதையும்."

"என்ரை வாயாலை வராது அண்ணை. பீலியையும் ஒருக்கால் பாப்பியளோ?"

சனிக்கிழமை வந்தது. பிலேந்திரன் யேசுரட்ணத்தின் ஏணியில் ஏறினார். யேசுரட்ணம் பிலேந்திரனின் ஏணியில் ஏறினார். முற்றத்துக்கு இருபுறமும் நின்று இருவரும் ஒருவரையொருவர் எரித்துவிடுவதுபோல் நோக்கினர். ஒருவரும் ஓடவில்லை. இவர் சவர்க்காரம் போட்டால் அவர் இருமுறை போட்டார். அவர் பழைய பத்திரிகையால் தேய்த்தால், இவர் கண்ணாடிக்கே வலிக்கும்படி தேய்த்தார். இடையில் யேசுரட்ணம் உள்ளே மறைந்தார். தோற்றோடினார் என்று பிலேந்திரன் கர்த்தருக்கு நன்றி கூறினார். சிறிது நேரத்தில் அவர் வேறொரு வாளியோடு வெளிப்பட்டார்.

மதியமாயிற்று. பீலிகள் இரண்டும் துலங்கின. முற்றத்து வாங்கில் அமர்ந்து, புதிய வெயிலில், கொறற்றியும் யோசெப்பினும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். பொறுக்கமாட்டாத யேசுரட்ணம் இறங்கி வந்தார். பிலேந்திரனும் இறங்கினார்.

"ஐசே, என்ரை வீட்டைக் கழுவ நீர் ஆர்? வலியப் போய் யோசெப்பினைக் கேட்டனீராமே!"

"நானோ? நீரல்லோ பூசை முடியக் கொறற்றியைக் கேட்டனீர்!"

"பூசை முடிய நான் நேரை காருக்குப் போனனான்! நீர் வரப்போறீர் எண்டு திங்கட்கிழமை யோசெப்பின் சொன்னவ. தங்கமான மனுசனாம் நீர்! அந்தக் கொதியிலை கொறற்றியிட்டை முறையிடப் போனன். அவ அழுதா. நான் இரங்கிப்போனன்."

"யோசெப்பினும் அழுதவதான்…" என்றார் பிலேந்திரன், மெல்ல.

இருவரும் வாங்கைத் திரும்பிப் பார்த்தனர். பெண்கள் இருவரும் தியானத்தில் ஆழ்ந்தவர்கள்போல் தேநீர்க் கோப்பைக்குள் நோக்கிக்கொண்டிருந்தனர்.

பிலேந்திரன் கைத்துணியை நிலத்தில் எறிந்தார்.

"இனி ஒரு சொட்டுத் தண்ணி தொடமாட்டன்! நான் என்ரை வீட்டை போறன்!"

தலை நிமிர்ந்து முற்றத்தைக் கடந்து, தம் வீட்டுக் கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

"இஞ்சருங்கோ!" என்று கொறற்றி பதறி எழுந்தாள். "உள்ளுக்குப் போகாதேங்கோ! யேசுரட்ணம் அண்ணை நிலமெல்லாம் துடைச்சு விட்டவர், ஈரம் காயேல்லை. காயுமட்டும் சும்மா நிக்காமல், அங்கை யோசெப்பின்ரை நிலத்தைத் துடையுங்கோவன்."