ஹெட்லைட்டுக்குள் ஒரு மழைக்காலம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உலகமே இடிந்து விழுந்தாலும் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். கிரிக்கெட் ஃபைனல். ஆனால் என் முடிவுகளின் ஆயுளை நிர்ணயிப்பவள் என் மனைவி சத்யப்ரியா.

“சாயங்காலம் மேடவாக்கத்துல அண்ணன் வீட்ல டின்னர். கரோக்கி மைக் செட் வாங்கியிருக்காராம்.”

மச்சான் ஜீவானந்தம் மைக் இல்லாமலே பாடுவார். டூயட் என்றால் இரண்டு குரலிலும் அவரே பாடுவார். நடுவில் எழுந்தால், “மச்சான், சரணம் இனிமேதான்” என்று சட்டையைப் பிடித்து உட்கார வைப்பார்.

கவலையோடு காரைத் துடைக்கப் போனேன். எங்கள் கிழக்குத் தாம்பரத்தில் விடிய விடிய மழை. வலது ஹெட்லைட் கண்ணாடிக்குள் லேசாக ஆவி படிந்திருந்தது. கடவுள் கண் திறந்துவிட்டார். ஆனால் முழுதாகத் திறக்கவில்லை, ஆவி போதாது. மீதியை நானே பார்த்துக்கொண்டேன். பின்பக்க ரப்பர் மூடியைக் கழற்றி, துணி தேய்க்க வைத்திருந்த ஸ்ப்ரே பாட்டிலால் உள்ளே நன்றாகப் பீச்சினேன். மீன் வளர்க்கலாம் போல ஆகிவிட்டது.

சத்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அடடா, இவ்ளோ தண்ணியா?”

“அதான் பயமா இருக்கு. திரும்பி வர்றப்ப இருட்டிடும். செம்பாக்கம் ரோட்ல பள்ளம் தெரியாது, தண்ணி லாரி தெரியாது. எனக்கு ஒண்ணும் இல்ல, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

அவள் கண் கலங்காததுதான் குறை. “நீங்க சொல்றதும் சரிதான். போக வேண்டாம்.”

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வெற்றியை நான் பார்த்ததில்லை. விசிலடித்துக்கொண்டே சோபாவுக்குப் போனேன்.

“அண்ணன் குடும்பத்தோட இங்க வரட்டும்,” என்றாள். “மைக் செட்டையும் எடுத்துட்டு வரட்டும். நம்ம டிவியிலயே மாட்டிக்கலாம். மழைல திரும்பிப் போக வேண்டாம், ரெண்டு நாள் தங்கட்டும்.”

விசில் பாதியில் நின்றது. அங்கே போனால் ஒரு சாயங்காலத்தோடு முடியும். இங்கே வந்தால் என் டிவி, என் சோபா, என் தூக்கம் எல்லாம் போகும்.

“இரு சத்யா, அவசரப்படாத. லைட்டைக் காய வச்சிடலாம்.”

“முடியுமா?”

“நான் எதுக்கு இருக்கேன்?”

“அப்ப சீக்கிரம். அவங்க கிளம்பறதுக்குள்ள சரியாச்சுன்னா, வர வேண்டாம்னு சொல்லிடலாம்.”

அவளே ஹேர் டிரையரைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னல் வழியாக வயரை இழுத்து, குனிந்து நின்று, மூடியைக் கழற்றிய ஓட்டை வழியாகச் சூடு காட்டினேன். ஷூ பெட்டிகளில் கிடந்த, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தேடி எடுத்து உள்ளே தொங்கவிட்டேன். இடுப்பு கழன்றது.

எதிர்வீட்டு பத்ரி எட்டிப் பார்த்தார். “என்ன சார், கார் தலைக்குக் குளிச்சுதா?”

டிரையரை இன்னும் உள்ளே நுழைத்தேன். ஒவ்வொரு நிமிஷமும் மச்சான் குடும்பம் மேடவாக்கத்தில் செருப்பு மாட்டுவது போலவே தெரிந்தது. கடைசித் துளியும் காய்ந்தது. ரப்பர் மூடியை இறுக்கமாக மாட்டி விளக்கைப் போட்டேன். ஷோரூமில்கூட அப்படி எரிந்திருக்காது.

வேர்த்து விறுவிறுக்க உள்ளே ஓடினேன். சத்யா பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, கைப்பையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

“லைட் ரெடி. சீக்கிரம் உங்க அண்ணனுக்குப் போன் போடு. வர வேண்டாம்னு சொல்லு.”

“எதுக்குங்க? வரச் சொல்லியிருந்தாத்தானே வர வேண்டாம்னு சொல்லணும்? வண்டிய எடுங்க.”