படத்தைப் புத்தகமாகப் படித்தவன்

படிக்காதவன் பொய் சொன்னால் சின்னதாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் பேராசைக்காரன். டில்லியில் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது, நர்ஸ் எஸ்தரிடம் 'எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில்' என்று சொல்லிவைத்திருந்தேன். (ஃபெயிலாவதற்கும் அதுவரை போயிருக்க வேண்டுமே! நான் ரெண்டாம் வகுப்பிலேயே சிலேட்டை உடைத்துவிட்டு ஓடிவந்தவன்.)

எஸ்தரின் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து கண் ஆபரேஷனுக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் கட்டு. எஸ்தர் ஒரு தடித்த நாவலை என்னிடம் நீட்டினாள்.

"புஸ்தகம்னா அப்பாவுக்கு உசுரு. தினம் மத்தியானம் படிச்சுக் காட்டுங்க. அவருக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சுன்னா, நானே கல்யாணப் பேச்சை எடுக்கேன்."

தலைப்பை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஆனால் முடித்ததும் உயிர் வந்தது. அதே பெயரில் வந்த படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் பார்த்திருக்கிறேன்! நாவலைப் படமாக எடுத்தால் கதை மாறிவிடுமா என்ன? தோசையை மடித்தால் அது இட்லியாகிவிடுமா?

புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, படத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"கதாநாயகன் வெள்ளைக் குதிரையில வாரான்..."

"குதிரையா?" என்றார் பெரியவர். "அவன் நொண்டிப் போஸ்ட்மாஸ்டர்லாடே?"

"கால் நொண்டிங்கய்யா. அதான் குதிரை."

"ம்ம். பக்கம் திருப்புத சத்தமே கேக்கலையே?"

அதற்கப்புறம் நாலு நாலு பக்கமாகத் திருப்பினேன். சண்டை வந்தது. அருவியில் பாட்டு வந்தது. (பாட்டை மெதுவாகப் பாடவும் செய்தேன். பக்கத்துக் கட்டில்காரர் "வாஹ்" என்றார்.) பெரியவர் மட்டும் வாயே திறக்கவில்லை. 'மாப்பிள்ளை ஆகிவிட்டோம்' என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் கடைசிக் கட்டம். கதாநாயகி ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள். எஸ்தரும் கட்டில் ஓரம் வந்து நின்றுகொண்டாள்.

"கண்ணைத் திறந்துட்டாங்கய்யா! பொழைச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்துட்டாங்க. வந்ததும் அடுப்பைப் பத்தவச்சுப் புருசனுக்குக் காப்பி போடுறாங்க."

"அப்பா, அந்தப் பொம்பளை செத்துல்லா போவா?" என்றாள் எஸ்தர். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில்தானா?"

"ரெண்டாங்கிளாஸ். அதுவும்... முழுசா இல்ல."

பெரியவர் கையை உயர்த்தினார். "விடு பிள்ளே. குதிரை வந்தப்பவே எனக்குத் தெரியும். நாவலைக் கெடுத்துட்டானுவன்னு அந்தப் படத்துல பாதியிலயே எந்திரிச்சு வந்தவன் நான்."

"பெறகு ஏன் கேட்டுட்டு இருந்தீங்க?"

"படத்தோட முடிவு தெரியாதுல்லா." கட்டில் கம்பியைத் தடவினார். "உங்கம்மை இப்படி ஒரு கட்டில்ல போனதுக்கப்புறம், அந்தக் கடைசி அத்தியாயத்தை நான் தொட்டதே இல்ல. படம் எடுத்தவன் அவளை வீட்டுக்கு அனுப்பிட்டானா... நல்ல பய." என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஏண்டே, அந்தக் காப்பி படத்துல உண்டா?"

"இல்லீங்கய்யா. அது நான் போட்டது."

"அப்ப சரி," என்றார்.

அந்த 'சரி' கல்யாணத்துக்கு என்று எனக்குப் புரியவே ரெண்டு நாள் ஆனது. எஸ்தர் 'சரி' சொல்ல மூன்று மாதம் ஆனது. பொய் சொன்னதுக்கு அபராதமாம். (நியாயம்தான்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி வரும்: "இது புஸ்தகமா, படமா?" தெருமுனைக் காய்கறிக்காரன்கூட இதைப் பிடித்துக்கொண்டான். போன வாரம் பல் பிடுங்கப் போயிருந்தேன். வெளியே வந்து, "கொஞ்சம்கூட வலிக்கல" என்றேன். என் அலறலை வாசலில் உட்கார்ந்து கேட்டிருந்த மகள், தமிழ் சரியாக வராததால் அதே கேள்வியை இந்தியில் கேட்டாள்:

"அப்பா, கிதாப் யா பிக்சர்?"

வாயில் பஞ்சு. அதனால் இரண்டு கையாலும் குதிரை ஓட்டிக் காண்பித்தேன்.