அடி விழும் வரை காத்திருக்கவும்

அனுமதியில்லாமல் போட்டால் அது சத்தம். அனுமதி பெற்றுப் போட்டால் அது இசை. இந்த மகத்தான உண்மையை ஒலி ஒழுங்கு அலுவலகத்தின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கண்ணாடியில் தூசி படிந்திருந்ததால் முதல் பாதி மட்டும்தான் தெரிந்தது.

அந்தப் பலகையின் கீழே விண்ணப்பத்தோடு நின்றவனுக்கு டொம்டொம் என்று பெயர். தாய் தகப்பன் வைத்ததல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டித் தட்டி வைத்தது. அவன் ஹவுஸ் மியூசிக் டிஜே. யாரோ பாடிய மூன்று நிமிடப் பாட்டை எடுத்து, அடியில் டொம் டொம் என்று ஒரே சீரான தாளத்தைப் போட்டு, ஒன்பது நிமிடமாக இழுத்துக் கொடுப்பான். அதற்கு ரீமிக்ஸ் என்று பெயர்.

“ஹவுஸ்னு பேரு வச்சிருக்கே. அதைப் போட்டா வீட்ல ஒருத்தரும் இருக்க முடியல” என்பாள் அவன் அக்கா. கீழே அவளுடைய தையல் கடை, மேலே அவனுடைய அறை. அவன் தாளம் போட்டால் இவள் ஊசி தானாக ஓடும் என்று வாடிக்கையாளர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

டொம்டொம்முடைய தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது தாளத்தைச் சட்டென்று உருவிவிடுவான். பிறகு சத்தம் மெல்ல ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும். கூட்டம் கையைத் தூக்கி, வாயைப் பிளந்து நிற்கும். இனி தாங்காது என்கிற நொடியில் தாளம் மொத்தமாக வந்து விழும். தொழில்காரர்கள் அதை டிராப் என்பார்கள்; அவன் ‘அடி’ என்பான். எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம் என்று தெரிந்தவன்தான் டிஜே, மற்றவனெல்லாம் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன் என்பது அவன் சித்தாந்தம்.

பன்னிரண்டு வருடம் பிறந்தநாள் விழாவுக்கும் செருப்புக் கடைத் திறப்பு விழாவுக்கும் வாசித்தவனுக்கு இப்போதுதான் விடிந்திருந்தது. கடற்கரை மைதானத்தில் தனி நிகழ்ச்சி, இருபதாயிரம் பேர். அதற்கென்றே இரண்டு வருடமாக ஒரு பாட்டைச் செதுக்கி வைத்திருந்தான். அதன் அடியை அக்காவுக்குக்கூடப் போட்டுக் காட்டவில்லை. வேண்டியதெல்லாம் ஒலி அனுமதி ஒன்றுதான்.

குமாஸ்தா விண்ணப்பத்தை வாங்கவில்லை.

“இதெல்லாம் போன்லதான் கேக்கணும்.”

“சார், நான்தான் நேர்லயே வந்துட்டேனே.”

“அதான் தப்பு. நேர்ல வர்றவங்களைக் குறைக்கத்தானே போன் வச்சிருக்கோம்.”

அவர் மேஜையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. “எடுக்கலையா சார்?” என்று கேட்டான் டொம்டொம்.

“எடுத்தா காத்திருப்போர் இசை நின்னுடும். பெரிய செலவு பண்ணிப் போட்டிருக்காங்க. நின்னுட்டா யார் பதில் சொல்றது?”

டொம்டொம் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போய் போன் பண்ணினான். பன்னிரண்டு வினாடி ஒரு குழல் ஓசை, பிறகு ஒரு பெண் குரல், “தயவுசெய்து காத்திருக்கவும். நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்.” மறுபடியும் குழல். மறுபடியும் வரிசை. முதல் நாள் பொறுத்தான். இரண்டாம் நாள் திட்டினான். மூன்றாம் நாள் அவன் விரல் தன்னையறியாமல் மேஜையில் தாளம் போட்டது. சும்மா இருக்கிற கை அல்லவே அது. நாலாம் நாள் குழலையும் பெண் குரலையும் பதிவுசெய்து, அடியில் தாளம் கோத்து, ஆறாவது நிமிடத்தில் ஓர் அடியும் வைத்து, இணையத்தில் ஏற்றிவிட்டான்.

ஒரே வாரத்தில் ஊரெல்லாம் அதே பாட்டு. ஆட்டோவில், முடிவெட்டும் கடையில், பல் மருத்துவர் அறையில், எங்கு போனாலும் “நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்.” விமர்சகர் ஒருவர் அதை ‘நவீன மனிதனின் இருப்பைப் பற்றிய ஆழமான விசாரணை’ என்று எழுதினார். டொம்டொம் அதை இரண்டு முறை படித்துவிட்டு, இருந்தாலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. கண்காணிப்பாளர் அறையில் அவனை உட்காரச் சொன்னார்கள்; அங்கே யாரையும் உட்காரச் சொன்ன வழக்கமில்லை.

“தெரியாம பண்ணிட்டேன் சார். இன்னிக்கே அழிச்சிடறேன்.”

“அழிக்கவும் அனுமதி வேணும் தம்பி. அது கிடக்கட்டும். இதைப் பாருங்க” என்று கண்காணிப்பாளர் ஒரு காகிதத்தை நீட்டினார். “முன்னாடி நூறு பேர் கூப்பிட்டா தொண்ணூத்தேழு பேர் திட்டிட்டு வச்சிடுவாங்க. போன வாரம் உங்க பாட்டை லைன்ல போட்டோம். ஒருத்தர்கூடத் திட்டிட்டு வைக்கல! சேவையில திருப்தி நூத்துக்கு நூறுன்னு மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருக்கு.”

“என் பாட்டைக் கேக்காமலே போட்டீங்களா?”

“நீங்க எங்க குழலை எடுக்கலையா? சரிக்குச் சரி. ஆனா ஒரு குறை. ஆறாவது நிமிஷத்துல தடால்னு ஒண்ணு விழுது பாருங்க, அது விழுந்ததும் ஜனங்க சந்தோஷமா போனை வச்சிடறாங்க. அதை மட்டும் எடுத்துடுங்க.”

“சார், அது இல்லேன்னா பாட்டே இல்ல சார். அதுக்காகத்தான் மத்ததெல்லாம்.”

கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார். “நீங்க ஆறு நிமிஷம் காக்க வைக்கறீங்க. நாங்க முப்பது வருஷமா காக்க வைக்கறோம். என்னிக்காவது எதையாவது கீழ போட்டிருக்கோமா? அப்பவும் கூட்டம் வருதே! தொழிலை எங்ககிட்ட கத்துக்கங்க.” பிறகு மேஜை இழுப்பறையைத் தட்டிக் காட்டினார். “உங்க மைதான அனுமதித் தாள் கையெழுத்துக்காக இதுக்குள்ளதான் இருக்கு.”

டொம்டொம் அன்றே அடியை வெட்டினான். விரலை வெட்டியதுபோல இருந்தது. மைதானத்தில் என் அடி விழத்தானே போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அடியில்லாத பாட்டு அடியுள்ள பாட்டைவிடப் பெரிதாகப் போயிற்று. அதுதான் நாகரிகம் என்றாகிவிட்டது. அடி எதிர்பார்ப்பவன் பட்டிக்காட்டான். பணக்கார விடுதிகளில் வாசலில் டோக்கன் கொடுத்து, உள்ளே வரிசையில் நிறுத்தி வைத்தார்கள். ஆட இடம் இருந்தும் யாரும் வரிசையை விட்டு வரவில்லை. ‘நான் வரிசையில் இருக்கிறேன்’ என்று அச்சடித்த பனியன் தைத்தே அக்காவுக்கு இடுப்பு ஒடிந்தது. ஒரு நாள் அலுவலகத்தில் அந்தக் குமாஸ்தா மனம் இளகி ஒரு போனை எடுத்துவிட்டார். “எதுக்குய்யா எடுத்தே? இப்பதானே ஏறிட்டு இருந்துச்சு!” என்று மறுமுனையில் கத்தினார்கள். பொதுமக்களுக்கு இடையூறு விளைவித்ததாக அவருக்கு மெமோ கொடுத்தார்கள்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் டொம்டொம் கண்காணிப்பாளரிடம் ஓடினான்.

“அனுமதி கையெழுத்தாயிடுச்சு தம்பி. அனுமதி எண்ணை மட்டும் நாளைக்கு மைதானத்துலேர்ந்து போன் பண்ணிக் கேட்டுக்கங்க. எண் தெரிஞ்சதும் வாசிக்கலாம்.”

“நீங்கதான் போனை எடுக்கறதே இல்லையே சார்!”

“அது வேற பிரிவு.”

அலுவலக நேரத்துக்குள் நடத்த வேண்டும் என்பதால் நிகழ்ச்சியைப் பட்டப்பகல் மூன்று மணிக்கு வைத்திருந்தார்கள். இருபதாயிரம் பேர் கடற்கரை வெயிலில் நின்றார்கள். முன்வரிசையில் அக்கா. மேடையில் டொம்டொம், ஒரு கையில் இரண்டு வருட உழைப்பு அடங்கிய பென் டிரைவ், இன்னொரு கையில் போன். வரிசையில் இருந்தான்.

மூன்றரைக்குக் கூட்டம் கூச்சல் போட்டது. நிகழ்ச்சி அமைப்பாளர் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். “அலுவலகத்தோட சொந்த ஒலிக்கு அனுமதி தேவையில்லைன்னு பதினாலாவது விதி சொல்லுது. போனை ஸ்பீக்கர்ல போடுங்க!” என்று வயரைப் பிடுங்கி அவரே சொருகினார்.

மைதானம் முழுக்கக் குழல் ஓசை. “நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்.” கூட்டம் ஆர்ப்பரித்தது. ஏறியது, ஏறியது, ஒன்றேகால் மணி நேரம் ஏறிக்கொண்டே இருந்தது. கை ஓய்ந்தவர்கள் ஒருவர் கையை மற்றவர் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, அலுவலகத்தில் அதே குமாஸ்தா பையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லலாமே என்று கைமறதியாக ரிசீவரை எடுத்துவிட்டார்.

தாளம் அறுந்தது. இருபதாயிரம் பேர் மூச்சைப் பிடித்தார்கள்.

“ஹலோ” என்றார் குமாஸ்தா, எட்டு ஆள் உயர ஸ்பீக்கர்களில். “யாரு? இன்னிக்கு முடிஞ்சுபோச்சு. நாளைக்கு வாங்க.”

மைதானம் வெடித்தது. அப்படி ஒரு அடியை அந்த மணல் கண்டதில்லை. கட்டிப்பிடித்து அழுதார்கள், பனியனைக் கழற்றி வீசினார்கள்.

“சார், சார், எண்ணைச் சொல்லுங்க!” என்று அலறினான் டொம்டொம்.

“நாளைக்கு வாங்கன்னா நாளைக்கு வாங்க!”

இரண்டாவது அடி முதல் அடியையும் தின்றுவிட்டது. இருபதாயிரம் பேரும் “நாளைக்கு! நாளைக்கு!” என்று குதித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். பென் டிரைவ் டொம்டொம்மின் உள்ளங்கையில் வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு அழுகை வந்தது, அழுதான். அவன் ஆனந்தத்தில் அழுவதாகப் பத்திரிகைகள் படம் போட்டன.

குமாஸ்தா விருப்ப ஓய்வு பெற்றார். இப்போது ‘டிஜே நாளைக்கு’ என்ற பெயரில் ஊர் ஊராகப் போகிறார். மேடையில் ஒரு நாற்காலி, ஒரு போன். இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பார், அவ்வளவுதான். அவருக்கு ஆயுட்கால ஒலி அனுமதி கேட்காமலே வழங்கப்பட்டது.

“காத்திருந்தவன் பொண்டாட்டியை நேத்து வந்தவன் கொண்டு போனான்னு சும்மாவா சொன்னாங்க” என்றாள் அக்கா. “நீ இப்படியே விட்டுடாதே. போனைப் போட்டு நல்லா நாலு கேள்வி கேளு.”

டொம்டொம்முக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணைத் தட்டினான். குழல் ஓசை வந்தது. பெண் குரல் வந்தது.

அரை மணி கழித்துக் கீழே தையல் மிஷினை நிறுத்திவிட்டு அக்கா கத்தினாள். “என்னடா, எடுத்தாங்களா?”

“இரு அக்கா” என்றான் டொம்டொம். ஒரு கை போனில் இருந்தது. இன்னொரு கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது. “இப்பதான் ஏறுது.”