உப்பளத்தில் ஓர் அடுப்பு

கலையின் தரத்தைக் காப்பாற்றச் சட்டம் ஒன்றே வழி என்று தெயோபில் காவ்லிக் முடிவு செய்தார். முடிவு செய்த இடம் டிராம் வண்டி. முடிவு செய்த நேரத்தில் அவருடைய கண்கள் அழுது சிவந்திருந்தன.

வூச் நகரத்துப் பஞ்சாலை ஒன்றில் அவர் துணிப் பரிசோதகர். நெய்து வரும் துணியை விளக்கொளியில் ஓடவிட்டு, அறுந்த இழையையும் தவறிய முடிச்சையும் கண்டுபிடிப்பது உத்தியோகம். முப்பது ஆண்டுகளாகக் குறை கண்டே சம்பளம் வாங்கியவர், மாலையில் ஆலை விட்ட பிறகு அதே கண்ணோடு திரைப்படம் பார்த்தார். ஆலையின் பண்பாட்டு மன்றத்தில் வியாழன்தோறும் கூடும் திரைப்பட விவாதக் கழகத்துக்கு அவரே தலைவர். அதன் குரலும் அவரே. அயல்நாட்டுப் படங்கள் அயல்மொழியிலேயே வந்து சேரும். வசனங்களின் மொழிபெயர்ப்பு, தட்டச்சுத் தாள்களாகத் தனி உறையில் வரும். படம் ஓடுகையில் ஒலியைத் தாழ்த்திவிட்டு, ஒருவர் ஒலிபெருக்கியில் அந்தத் தாள்களைப் படிப்பார். காதலனுக்கும் காதலிக்கும், கொலைகாரனுக்கும் குழந்தைக்கும், நாய் நீங்கலாக அனைவருக்கும் ஒரே குரல். அதில் ஏற்ற இறக்கம் கூடாது என்பது மரபு. பத்தொன்பது ஆண்டுகளில் காவ்லிக்கின் குரல் ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை.

அப்படிப்பட்டவரை அழவைத்தது "பனிக்காலத்து மாப்பிள்ளை" என்ற படம். நினைவு தப்பிய சறுக்குவண்டிக்காரன் ஒருவன் பன்னிரண்டு வருடம் கழித்து வீடு திரும்புகிறான். அன்றுதான் அவன் மனைவிக்கும் மாவு ஆலைக்காரனுக்கும் திருமணம். நடுவே ஆறு பாட்டு, ஒரு தீ விபத்து, பேசத் தெரிந்த காக்கை ஒன்று. கழகத்தில் யாராவது அந்தப் பெயரை உச்சரித்தால் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள்.

அதைக் கண்டிப்பதற்காகவே காவ்லிக் ஒரு புதன்கிழமை, ஆலை விட்டதும், பக்கத்து ஊரான பபியானிட்ஸேக்கு டிராம் ஏறினார். தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு படம் பார்த்தார். ஒருமுறை பார்த்துக் கண்டிப்பது நியாயமாகாது என்று மறு புதனும் போனார். மூன்றாம் புதனுக்கு அவர் காரணம் தேடவில்லை.

அந்த மூன்றாம் முறை கைக்குட்டையை மறந்து போனார். நாயகி அடுப்பங்கரையில் நின்று பேசும் இடத்தில் அவருடைய மூக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது. அப்போது பின்வரிசை இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு, நீலக்கரைக் கைக்குட்டை ஒன்றை அவர் தோளின்மேல் வைத்தது. திரும்பி நன்றி சொன்னால் முகம் தெரிந்துவிடும். ஆகவே திரும்பவில்லை. இத்தகைய படம் பார்க்கும் எளிய மக்களின் உள்ளந்தான் எத்தனை பெரியது என்று வியந்தபடி, அழுது முடித்து, அதைத் தாமே துவைத்துக் கோட்டின் உள்பையில் பத்திரப்படுத்தினார். நல்ல நெசவு, ஓர் இழையும் பிசகவில்லை என்று தொழில்முறையில் மனத்துக்குள் சான்றும் கொடுத்தார்.

வீட்டில் அந்தப் புதன்கிழமைகளுக்குப் பல்வைத்தியர் என்று பெயர். மூன்றாம் புதனன்று அவர் வந்து பத்து நிமிடம் கழித்து, மனைவி லெயோகாடியா காலிப் பையோடு வந்தாள். மூன்று வாரமாக இதே கதைதான். இறைச்சிக் கடை வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றதாகவும், அவள் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டதாகவும் சொன்னாள். அந்நாளில் வரிசையில் நின்று வெறுங்கையோடு வருபவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. காவ்லிக்கும் கேட்கவில்லை. கேள்வி அவரிடந்தான் வந்தது.

"இன்னிக்கு எந்தப் பல்லு?"

"இடது கடைவாய்."

"போன வாரம் வலதுன்னியே."

"வலி நகர்ந்துடுச்சு."

"அப்போ நேத்து மிஞ்சின கட்லெட் உனக்கு ஆகாது. பார்லிக் கஞ்சி வச்சிருக்கேன், குடி," என்றாள் லெயோகாடியா. கட்லெட்டை அவர் எதிரிலேயே நிதானமாக உண்டாள். உண்டு முடித்துச் சொன்னாள்: "நம்ம தெருக் கொட்டகைக்கே 'மாப்பிள்ளை' வர்றானாம். இந்த ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை. இந்தத் தடவை நீயும் வா, தெயோ."

காவ்லிக்கின் தொண்டையில் கஞ்சியே சிக்கிக்கொண்டது. அவளருகில் உட்கார்ந்தால், அழவேண்டிய இடத்துக்கு மூன்று நொடி முன்பே தமக்கு அழுகை வந்துவிடும். உதடுகள் வசனத்தை முன்கூட்டியே சொல்லும். அப்புறம் கழகம் என்ன, தலைமை என்ன, பற்கள்தாம் என்ன? டிராமில் எடுத்த முடிவு அங்கேயே உறுதிப்பட்டது. மறுநாளே கழகத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். உறுப்பினரோ, அவரோடு ஒரே உறுப்பினர் சீட்டில் வரும் குடும்பத்தினரோ மலிவுப் படம் பார்ப்பதாகத் தெரியவந்தால், கழகச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாக்கெடுப்பு அடுத்த வியாழனன்று, விவாதத்துக்குப் பின். அரங்கமே கைதட்டியது. கொஞ்சம் தாமதமாகத் தட்டினால் அடுத்த நாற்காலிக்காரர் என்ன நினைப்பாரோ என்று ஒவ்வொருவரும் பலமாகவே தட்டினார்கள்.

லெயோகாடியாவும் அவரும் ஒரே சீட்டு. பத்தொன்பது ஆண்டுகளாக வியாழன் தவறாமல் அவள் வருவாள். மூன்றாம் வரிசையில் அமர்ந்து, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கம்பளி பின்னுவாள். விவாதத்தில் வாய் திறந்ததில்லை. அவள் தூங்காமல் இருப்பதே பெரிது என்று காவ்லிக் நண்பர்களிடம் சொல்வதுண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக் கொட்டகைக்குப் போய், பாட்டும் சண்டையுமாக எது ஓடினாலும் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து வருவாள். தீர்மானத்தைப் பற்றி வீட்டில் அவர் விளக்கியபோது, பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை படம் பாத்தா வியாழக்கிழமை படம் கிடையாது. அப்படித்தானே?"

"கலைன்னா தியாகம் வேணும், லெயா."

"எனக்கு ரெண்டும் வேணும், தெயோ."

அவள் குரல் உயரவே இல்லை. ஏற்ற இறக்கமில்லாத பேச்சுக்கு எவ்வளவு வலிமை உண்டென்பதை, அதையே பத்தொன்பது ஆண்டுகள் செய்துவந்த மனிதர் உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை.

வியாழக்கிழமைப் படம் போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்தது. ஓர் உப்பளம், அதில் ஒருத்தி. வசனத் தாள்களின் உறை செவ்வாயன்றே வீடு வந்து அலமாரி மேல் கிடந்தது. வழக்கமாக இருமுறை படித்துப் பார்ப்பவர், அந்த வாரம் தீர்மானத்துக்கான சொற்பொழிவை எழுதுவதில் உறையைத் தொடவேயில்லை. மாலை ஐந்து மணிக்கு, படம் ஓட்டும் செவெரின் அரங்க விளக்கை அணைத்த பிறகுதான், அவருடைய அறையில், சிறு மேசை விளக்கின் கீழ் அதைப் பிரித்தார்.

முதல் தாளில் இருந்தது: "முன்பக்கத்துக்கு நூற்றுப் பத்துக் கண்ணி போடவும்." இரண்டாம் தாள் கழுத்துப் பட்டியைப் பற்றியது. மூன்றாம் தாளில் இடது கை, நான்காவதில் வலது கை. ஸ்வெட்டர் முழுவதும் இருந்தது. போர்ச்சுகல் இல்லை.

அனுப்பிய இடத்தில் யாரோ உறையை மாற்றிவிட்டார்கள் என்று காவ்லிக் நினைத்தார். நினைத்து என்ன பயன்? நூற்றெண்பது பேர் இருட்டில் காத்திருந்தார்கள். திரையில் கறுப்பு உடுத்த பெண்ணொருத்தி உப்பை அள்ளிக் குவித்தாள். நான்கு நிமிடம் அள்ளினாள். போர்ச்சுகல் நாட்டு இயக்குநரை அவர் மனமார வாழ்த்தினார். அதற்குள் ஒருவன் வாசலில் வந்து நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

செவெரின் முழங்கையால் இடித்தார். காவ்லிக்கும் வாயைத் திறந்தார். அந்த வாயில் அப்போது இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"பன்னிரண்டு வருஷமா இந்த அடுப்பை நான் அணைய விடலை."

அரங்கில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. காவ்லிக்குக்குத் திரும்ப வழியில்லை. "வெளியில பனி உருகிடுச்சு. நான் உருகலை," என்றார். வந்தவன் பேசியபோது சறுக்குவண்டிக்காரனின் வசனத்தைக் கொடுத்தார். அண்டை வீட்டுக்காரன் வந்தபோது மாவு ஆலைக்காரனின் வசனம். பாதிரியார் ஒருவர் எதிர்பாராமல் வந்து சேர்ந்தார். அவருக்கென்று மிச்சம் இருந்தது காக்கையின் வசனம்தான். "எல்லாரும் போயிடுவாங்க. ரொட்டியை யாராவது மூடி வைங்க," என்றார் பாதிரியார். பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாகக் காவ்லிக்கின் குரல் ஏறியது, இறங்கியது, நடுங்கியது. யாரும் பேசாத இடங்களில்கூட அவரால் நிறுத்த முடியவில்லை. உள்பையிலிருந்து நீலக்கரைக் கைக்குட்டையை எடுத்து நெற்றியையும் கண்களையும் மாறி மாறித் துடைத்துக்கொண்டே பேசினார்.

விளக்குகள் எரிந்து, காவ்லிக் மேடைக்கு வந்தபோது பாதி அரங்கம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. மருந்துக்கடை ஒட்டிலியா அம்மாள், கழகத்தின் துணைத் தலைவி, முதலில் எழுந்தார். அணையாத அந்த அடுப்பு மனித மனசாட்சியே என்றும், பாதிரியார் சொன்ன ரொட்டியில் ஒரு யுகத்தின் துயரம் அடங்கியிருக்கிறது என்றும் விளக்கினார். அவருக்குப் பின் நால்வர் அதையே இன்னும் கடினமாக்கிச் சொன்னார்கள். காவ்லிக் மெல்லத் தலைநிமிர்ந்தார். அப்போது மூன்றாம் வரிசையில் பின்னல் ஊசிகள் நின்றன. லெயோகாடியா எழுந்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். அடுப்பு அடுப்புன்னு பேசினாங்க. படத்துல அடுப்பே காணோமே."

"அதுதாம்மா இதுல உசத்தி," என்றார் ஒட்டிலியா அம்மாள். "கண்ணுக்குத் தெரியாத அடுப்பு."

"சரிதான். 'பனிக்காலத்து மாப்பிள்ளை'யிலயும் இதே வசனம் வருது. அங்க அடுப்பு தெரியுது. அதான் கேட்டேன்."

நூற்றெண்பது பேரும் தத்தம் காலணியைப் பார்த்தார்கள். படம் ஓடும்போதே அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வசனம் தெரிந்துபோயிருந்தது. எங்கே கேட்டோம் என்று சொன்னால் சீட்டுப் போய்விடும் என்பதால் இருட்டில் அமைதி காத்திருந்தார்கள். அந்த அமைதியைக் கலைத்தவர் செவெரின். தம் அறையின் சிறு ஜன்னலில் தலையை நீட்டி, "நாலாவது ரீல்ல வருது," என்றார்.

"அஞ்சாவது," என்று திருத்தினார் ஒட்டிலியா அம்மாள். திருத்திய பிறகே தாம் செய்தது என்னவென்று அவருக்குப் புரிந்தது.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும். கடைசி வரிசையிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் காக்கையைப் போலவே பேசிக் காட்டினார். லெயோகாடியா சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, மேடையைப் பார்த்துத் திரும்பினாள். திருமணமான நாளிலிருந்து முதல்முறையாகக் கணவரை மரியாதைப் பன்மையில் அழைத்தாள்.

"தலைவர் தாள்ல இருக்கறதைப் படிக்கிறவர். ஒரு வார்த்தை கூட்டினதில்லை, குறைச்சதில்லை. அப்படின்னா அந்தப் போர்ச்சுகல்காரர் நம்ம மாப்பிள்ளையைப் பாத்திருக்கணும். பாத்துட்டுத்தான் இவ்வளவு நல்ல படம் எடுத்திருக்கணும். அவரே பாக்கலாம்னா நாம பாக்கக் கூடாதா? இல்ல, தாள்ல வேற ஏதாவது எழுதியிருந்துதா? நீங்களே சொல்லுங்க, தலைவரே."

காவ்லிக் அந்தப் பேச்சை, விளக்கொளியில் துணியை ஓட்டுவதுபோல ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அறுந்த இழை இல்லை. தவறிய முடிச்சு இல்லை. தாளில் இருந்தது ஸ்வெட்டர் என்றால், வசனம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். வசனம் தாளில் இருந்தது என்றால், தீர்மானத்துக்கு இடமே இல்லை. முப்பது ஆண்டுகளில் அவர் கையில் இத்தனை சுத்தமான நெசவு வந்ததில்லை.

"தாளில் இருந்தபடியே படித்தேன்," என்றார். தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் சொன்னார். போன வாரத்தைவிடப் பலமான கைதட்டல் எழுந்தது. இந்த முறை யாரும் பக்கத்தில் பார்த்துக்கொண்டு தட்டவில்லை.

வீடு நோக்கி இருவரும் நடந்தார்கள். முதல் தெருமுனையில் லெயோகாடியா கம்பளிப் பந்துக்கு அடியிலிருந்து தட்டச்சுத் தாள்களை எடுத்து நீட்டினாள்.

"செவ்வாய்க்கிழமையே படிச்சுட்டேன். மூணு பக்கம்தான். அவன் வாசல்ல வந்து நிக்கிறானே, அவ என்ன கேக்கறா தெரியுமா?"

"என்ன?"

"'சாப்பிட்டியா?' அவ்வளவுதான்."

காவ்லிக் நின்றுவிட்டார். திரையில் அந்தப் பெண்ணின் முகம், உப்பு ஒட்டிய விரல்கள், அவள் வாய் திறந்து மூடிய அந்த ஒரு கணம், எல்லாம் அந்த ஒரு சொல்லோடு மீண்டும் ஓடின. அதன்மேல் தாம் நாற்பது வரி கொட்டியிருந்தார்.

"நாப்பது வரி பேசினாலும் எனக்கு அழுகை வருது, ஒரு வார்த்தை பேசினாலும் வருது," என்றாள் அவள். "அந்த அடுப்பு வசனம் நீ சொன்னப்போ நல்லாத்தான் இருந்துது. ஆனா ரெண்டாந்தடவை அவ உப்பு அள்ளும்போது நீ வாயை மூடியிருக்கணும், தெயோ. அங்க காத்துச் சத்தம் மட்டும்தான் கேக்கணும்."

கழகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக நடந்த விவாதங்களில் இதைப்போல் ஒரு வாக்கியம் கேட்டதாகக் காவ்லிக்குக்கு நினைவில்லை. மூன்றாம் வரிசையில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தது யார் என்பது அன்றுதான் தெரிந்ததுபோல அவளைப் பார்த்தார். ஆனாலும் தலைவர் தலைவரே. எஞ்சியிருந்த மானத்தைத் திரட்டிக்கொண்டு, அந்த மாப்பிள்ளைப் படத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்றும், ஆலையில் யாரோ வசனம் சொல்லக் கேட்டது என்றும், வேண்டுமானால் பல்வைத்தியரை விசாரிக்கலாம் என்றும் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கியது. உள்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

லெயோகாடியா கம்பளிப் பந்தைப் பைக்குள் திணித்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு சீட்டு வாங்கிட்டேன். இந்தத் தடவை பக்கத்துப் பக்கத்துல. பின்வரிசையில உக்காந்து உன் முதுகைப் பாத்தே மூணு புதன்கிழமை போயிடுச்சு," என்று கையை நீட்டினாள். "துடைச்சு முடிச்சுட்டு அந்தக் கைக்குட்டையைக் குடு. அக்கா குடுத்த ஆறுல ஒண்ணு குறையுது."