கண்ணாடியில் தெரிந்த மாமனார்

"இனிமே அந்த மீன்தொட்டித் தண்ணியில என் கை படாது" என்று லிஃப்ட் மெக்கானிக் அறிவித்தார்.

மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "அப்ப யாரு கை படும்?"

"யாரு கையும் படாது. வாய் படும். பாசி தின்கிற மீனா வாங்கிப் போடப்போறேன். கையால ஆகாத வேலையை வாயால முடிச்சுக் காட்டறேன்."

"அதுல உங்களுக்கு நல்ல பழக்கம்தானே."

முன்னறையில் சன்னலை ஒட்டி இருந்தது அந்தத் தொட்டி. சாய்வு நாற்காலியிலிருந்து பார்க்க வசதி என்று அவரே வைத்த இடம். வெயில் முழுக்க அதன் மேல்தான் விழும். அவரும் தீனியைக் கைநிறைய அள்ளிப் போடுவார். விளைவு, கண்ணாடி நான்கு பக்கமும் பச்சைத் திரை போட்டுக்கொண்டது. உள்ளே ஏஞ்சல் மீன் இருக்கிறது என்பதை ஒரு நம்பிக்கையாகத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது.

"சன்னலை விட்டு நகர்த்துங்க. தீனியைக் குறைங்க. வாரம் ஒருதரம் தேய்ங்க" என்று மனைவி பலமுறை சொல்லிவிட்டாள். மூன்றுமே உடம்பை வளைக்கும் யோசனைகள். அவருக்குப் பிடிக்கவில்லை.

வண்ணமீன் கடை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. தொட்டிகளில் மட்டும் வெளிச்சம். கடைக்காரம்மா முகத்தில் நீரின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது.

"வாயால ஒட்டிக்கிற இந்தக் கறுப்பு சக்கர் மீன் இப்ப விரல் நீளம். வளர்ந்தா முழங்கை நீளம். இந்த மஞ்சள் சக்கர் சின்ன வயசுல பாசி தின்னும், வயசானா மத்த மீன் மேல ஒட்டிக்கிட்டு உறிஞ்ச ஆரம்பிக்கும். இறால் நூல்பாசியை நல்லாத் தின்னும், ஆனா ஏஞ்சல் மீன் இருந்தா அது இறாலைத் தின்னும். கோடு போட்ட நத்தைதான் சாது. கண்ணாடியை வழிச்சு எடுத்துரும், நல்ல தண்ணியில குட்டியும் பெருகாது. உங்களுக்கு எது வேணும்?"

"எல்லாத்திலயும் குடுங்க."

கடைக்காரம்மா வலையை எடுத்தாள். "தொட்டி எங்க இருக்கு? வெயில் படுதா?"

அவர் காது கேட்காதவர்போல் வேறு தொட்டியைப் பார்த்தார்.

வாங்கி வந்ததெல்லாம் பச்சைக்குள் போய் மறைந்தது. எதுவும் வெளியே வரவில்லை. சாயங்காலமானால் உள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம் மட்டும் வரும். கல்லில் நத்தை ஓடு இடிக்கிறது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒருநாள் நீர்மட்டத்தில் ஓர் இறால் மிதந்தது. மீசை இருந்தது, கால்கள் இருந்தன, கண்ணிருந்த இடமும் இருந்தது. உள்ளே ஆள் இல்லை. கண்ணாடிபோன்ற வெறும் கூடு.

"சட்டை உரிச்சிருக்கு" என்றாள் மனைவி.

"அப்ப சட்டைக்குள்ள இருந்தது எங்க?"

அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

இன்னொருநாள் ஏஞ்சல் மீன் பச்சையை விலக்கிக்கொண்டு கண்ணாடி அருகே வந்தது. அதன் விலாவில் மஞ்சள் சக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு உதறியும் விடவில்லை. அவர் அன்று காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் கண்ணாடி தெளியத் தொடங்கியது. முழுக்க அல்ல. ஒருநாள் காலையில் வட்டமாக ஓர் இடம். மறுநாள் பக்கத்தில் இன்னொரு வட்டம், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. மூக்குக்கண்ணாடி. அதற்கடுத்த காலை, கீழே அடர்ந்த மீசை.

மனைவி வந்து நின்று பார்த்தாள். "அப்பா" என்றாள், காப்பி குடிக்கக் கூப்பிடுவதுபோல் சாதாரணமாக.

மாமனார் சுகாதார ஆய்வாளராக இருந்தவர். மருமகன் வீட்டுக்கு வந்தால் நலம் விசாரிக்கும் முன் சன்னல் கட்டையை விரலால் தடவிப் பார்ப்பார். போன வருடம்தான் போய்ச் சேர்ந்தார்.

"அது நத்தை மேஞ்ச தடம்மா."

"நத்தைக்கு எங்கப்பா முகம் எப்படிங்க தெரியும்?"

அவர் நாற்காலியை மறுபக்கச் சுவரோரம் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடிக்குள் இரண்டு பச்சைப் புள்ளிகள் தின்னப்படாமல் நின்றன. இரண்டும் மறுபக்கச் சுவரைப் பார்த்தன.

இருட்டான லிஃப்ட் குழிக்குள், தலைக்குமேல் கூண்டு தொங்க, விசிலடித்துக்கொண்டு வேலை செய்கிறவர் அவர். அன்று அவருக்கு விசில் வரவில்லை. எங்கிருந்து பார்க்கிறார் மாமனார்? தண்ணீருக்குள்ளிருந்தா, வெளியே இருந்தா?

"அப்பாவுக்கு அழுக்குன்னா ஆகாது. வேற ஒண்ணுமில்லைங்க" என்றாள் மனைவி.

அவர் சட்டைக் கையை மடித்தார். கையைத் தோள்வரை தண்ணீரில் விட்டு நான்கு கண்ணாடியையும் தேய்த்தார். மனைவி ஒரு முனை பிடிக்க, பாதித் தண்ணீரை இறைத்துத் தொட்டியைச் சன்னலை விட்டு நகர்த்தினார். சக்கர்கள் இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுத்தார். எஞ்சிய இறால்களையும் அங்கேயே விட்டார். கோடு போட்ட நத்தைகள் மட்டும் தங்கின. தீனி ஒரு சிட்டிகையாகக் குறைந்தது. ஏஞ்சல் மீனின் விலாப்புண் மெல்ல ஆறியது.

பாசி துளிர்க்கும் முன்பே ஞாயிறுதோறும் தேய்த்துவிடுவார். தேய்க்கும்போது கண்ணாடியை நேராகப் பார்க்கமாட்டார். மாமனார் திரும்ப வரவில்லை. தொட்டி பளிங்காக நின்றது. வீட்டில் நிம்மதி வந்தது.

அப்படி ஒரு ஞாயிறு, கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, அடுப்புக்கு மேல இருக்கிற சுவர்ல எங்கம்மா தெரியறாங்க."

"உங்கம்மா உயிரோடதானே இருக்காங்க?"

"அதான் அப்பாவைவிடத் தெளிவாத் தெரியறாங்க. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கில் கொண்டை, தோடு, ஒரு பக்கம் சுழித்த உதடு, எல்லாம் இருந்தது. பிறகு மனைவியின் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். நுனியில் கறுப்புப் பிசுக்கு. அவள் அதை மறைக்கக்கூட இல்லை, நிதானமாகப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பச்சைப் புள்ளிகள் எப்படித் திரும்பின என்பதெல்லாம் அவருக்கு மெல்ல விளங்கியது.

விளங்கியபோது அவர் கையில் ஏற்கெனவே பிரஷ் இருந்தது. மாமியாரின் கொண்டை வரை தேய்த்தும் முடித்திருந்தார்.