சறுக்கிப் போய் முடித்த சம்பந்தம்

வாழ்நாளில் நான் ஷூ போட்டதே இல்லை. ஆனால் ஷூவுக்குள் வைக்கிற மெத்தையைப் போட்டிருக்கிறேன், ஷூ இல்லாமலே. (சிரிக்கிறவங்க கொஞ்சம் மிச்சம் வெச்சிக்கோங்க, பின்னால தேவைப்படும்.)

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கூச்சத்தில் மட்டும் பெரிய படிப்பு. வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் "வாங்க" என்பேன். எங்கள் குடும்பத்துக் கல்யாண போட்டோ எதிலும் என் முகம் கிடையாது. யார் முதுகுக்காவது பின்னால் என் தோள்பட்டை மட்டும் தெரியும்.

அப்படிப்பட்டவளுக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்தால் நெருஞ்சி முள்ளில் நிற்பது போல் இருக்கும். என் மகன் குமார் கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் விசாரித்து, பாதம் மாதிரியே வெட்டிய ஒரு ஜோடி மெத்தை வாங்கி வந்தான். தோல் நிறம், தொட்டால் நுங்கு மாதிரி கொழகொழவென்று இருந்தது. "கால்ல போட்டுக்கோம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் கல்வராயன் மலைக்கு வேன் ஓட்டுகிறவன்.

மெத்தைக்கு ஒரு பக்கம் பசை, மறு பக்கம் வழவழப்பு. முதலில் செருப்பில்தான் வைத்தேன். வாசலைத் தாண்டுவதற்குள் ஒன்று நழுவி விழுந்தது. தெரு நாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. துரத்திப் பிடுங்கி, கழுவிக் காயவைத்து, உட்கார்ந்து யோசித்தேன். வலி செருப்புக்கா, காலுக்கா? காலுக்குத்தானே! பசைப் பக்கத்தை உள்ளங்காலிலேயே ஒட்டிக்கொண்டேன்.

ஆகா, என்ன சுகம்! எங்கள் வீட்டுச் சொரசொர சிமெண்டுத் தரையில் பஞ்சு மூட்டை மேல் நடப்பது போல் நடந்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். (வேற யாரும் மெச்சறதில்ல.)

அந்த வாரம்தான் குமாருக்கு நைனார்பாளையத்தில் பெண் பேசப் போனோம். அவனுக்கு முப்பத்து நான்கு வயது. ஏற்கெனவே மூன்று இடம் கைநழுவிப் போயிருந்தது. தினமும் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு எப்படி நிம்மதியாக இருப்பது என்று எல்லாருக்கும் பயம். இந்தப் பெண் தேவிக்குச் சம்மதம், அவள் அம்மாவுக்கும் சம்மதம். தாய்மாமன்தான் பிடி கொடுக்கவில்லை. இந்த இடமும் போனால் என்னிடம் வேறு ஜாதகமே இல்லை என்று தரகர் கையை விரித்துவிட்டார்.

வழியெல்லாம் என் வீட்டுக்காரர் பாடம் சொல்லிக்கொண்டே வந்தார். "தோ பாரு, தட்ட எட்துக்கினு போயி பாய் மேல வெச்சிடு. பேச்சு முடிஞ்சப்பறம்தான் அவங்க கையில குடுக்கணும். கையில வாங்கிட்டா சம்பந்தம் முடிஞ்ச மாதிரி. புரிஞ்சிச்சா?"

"உம்" என்றேன்.

வாசலில் செருப்பை விட்டேன். மெத்தை காலோடு வந்தது. செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். கால் கழுவினேன். உள்ளே புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அத்தனை பளபளப்பு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ எல்லாம் வைத்த தட்டோடு வலது காலை எடுத்து வைத்தேன். அதற்கப்புறம் நான் காலை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

சர்ரென்று போனேன். தட்டை வைக்க வேண்டிய பாய் பக்கவாட்டில் கடந்து போனது. நாற்காலியில் இருந்த தாய்மாமன் இரண்டு கால்களையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். கத்தலாம்தான். ஆனால் அத்தனை பேர் எதிரில் எப்படிக் கத்துவது? தட்டை மட்டும் சாயவிடாமல் நீட்டிப் பிடித்திருந்தேன். கூடத்தின் கடைசியில் "வாங்க, வாங்க" என்று வந்துகொண்டிருந்த தேவியின் அம்மா பயந்துபோய் இரண்டு கைகளையும் நீட்டினார். தட்டு அந்தக் கைகளில் போய் உட்கார்ந்தது. ஒரு பாக்குகூட உருளவில்லை.

என் வீட்டுக்காரர்தான் முதலில் சுதாரித்தார்.

"தட்ட கையில வாங்கிட்டிங்களே சம்பந்தியம்மா! அப்பறம் இன்னா பேச்சு?"

"அதெப்பிடிங்க?" என்று எழுந்த தாய்மாமன், தரையைப் பார்த்து அலறினார். "ஐயய்யோ! அந்தம்மாக்கு உள்ளங்கால் தோலே உரிஞ்சி வந்துட்ச்சி பாருங்க!"

நடுக்கூடத்தில் என் இடது கால் மெத்தை தனியாகக் கிடந்தது. குமார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். அழைத்த பிறகுதான் வரவேண்டிய பெண், அடுப்படியிலிருந்து ஓடி வந்து அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவள்.

"தோலு இல்ல மாமா! ஷூவுக்குள்ள வெக்கிறது. இதத்தான் நான் தெனம் ஒட்டிக்கினு கெடக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அத்தே, ஒட்டற பக்கம் கீழ இருக்கணும் அத்தே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தை என்று கூப்பிட்டுவிட்டாளே! அதுவும் இரண்டு தரம்.

"குதிகாலு வலிம்மா" என்றேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

தாய்மாமன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "பையன் வளைவுல ஒழுங்கா பிரேக்கு புடிப்பானான்னு கேக்கலாம்னு இருந்தேன். அவங்கம்மா பிரேக்கே இல்லாம வந்து காரியத்த முடிச்சிட்டாங்க. இனிமே நான் இன்னாத்த கேக்கறது?" சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தவர் அடங்கவே இல்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெற்றிலையை முதலில் எடுத்ததும் அவர்தான்.

இன்றைக்கு என் செருப்பில் மெத்தை அசையாமல் இருக்கிறது. தேவி ஒட்டிக் கொடுத்தது. ஆனால் எந்த விசேஷத்துக்குப் போனாலும் தாய்மாமன் வாசலிலேயே நின்று குரல் கொடுப்பார்: "தே, தரைய தொடைங்க, ஒரு சாக்க போடுங்க! பிரேக்கு இல்லாத சம்பந்தியம்மா வராங்க!" நான் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு ஓடிவிடுவேன்.

போன மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்தார். தேவியை ஓரமாகக் கூப்பிட்டு, "குதிகால்ல வலிம்மா. எனக்கும் அந்த மாதிரி ஒரு ஜோடி..." என்று கிசுகிசுத்தார். கதவுக்குப் பின்னால்தான் நான் நின்றிருந்தேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, கூடத்துக்கு வந்து எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டேன்:

"அண்ணே, தட்டு எதனா எட்துக்கினு வந்தீங்களா?"