பித்தப்பைக்கு ஒரு கையெழுத்து

விருத்தாசலம்,
13.3.2006, திங்கள்

அன்பு மைத்துனர் தங்கராசுவுக்கு,

திட்டக்குடியில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதி, அது முழு உண்மையாகாது என்பதால் அடித்துவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம், பேசினால் எனக்கு வரிசை தவறிவிடும்.

உங்கள் அக்காள் அம்சவல்லிக்குப் பித்தப்பையில் கல். புதன்கிழமை காலை ஆபரேஷன். வயிற்றை நீளமாகக் கிழிக்காமல், நான்கு சிறு துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, பையையே எடுத்துவிடுவார்களாம். கணவன் என்ற முறையில் சம்மதப் பாரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். படித்துவிட்டுப் போடுகிறேன் என்று வீட்டுக்கு வாங்கி வந்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். அதற்கு முன்பே தொடங்கியிருக்கவும் கூடும்.

பாரத்தில் ரத்தக் கசிவு, சீழ், பித்தக் குழாயில் காயம், அவசியமானால் வயிற்றைத் திறத்தல் என்றெல்லாம் இருந்தது. மூன்று முறை படித்து, பதினான்கு சந்தேகங்களுடன் டாக்டர் நடராசனிடம் போனேன். "வயித்துக்குள்ள கேஸ் நிரப்புவோங்க, அப்பத்தான் உள்ள எடம் தெரியும்" என்றார். நான் பீங்கான் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் சரக்குச் சோதித்தவன். காற்று அடைபட்ட பொம்மை சூளையில் வெடிக்கும். பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதனால் அடியில் ஒரு துளை விடுவோம். இதை விளக்கி, காற்று எப்படி வெளியே வரும் என்றேன். "போட்ட ஓட்ட வழியாத்தாங்க. நாங்க அம்மாவ சூளையில வைக்கப் போறதில்லீங்க ஐயா" என்றார். நியாயமான பதில், குறித்துக்கொண்டேன். குழாயில் காயம் எத்தனை பேருக்கு என்றேன். "ஆயிரத்துல மூணு, நாலு." எங்கள் கம்பெனியில் ஆயிரத்துக்கு நாலு பழுது என்றால் முதலாளி எல்லோருக்கும் அல்வா வாங்கித் தருவார். அந்த நாலையும் உடைசல் குவியலில் போட்டுவிட்டு நானும் அல்வா தின்றிருக்கிறேன். இப்போது கண்ணை மூடினால் அந்த நாலுதான் தெரிகின்றன.

என்னோடு வேலை பார்த்த மாயவனுக்குப் போன வருடம் இதே ஆபரேஷன். நேரில் பார்ப்பது நல்லது என்று போனேன். சட்டையைத் தூக்கிக் காட்டினார். தழும்புகளை அளந்துகொண்டேன். "ரெண்டு நாளு தோள்பட்டதான் வலிச்சிது" என்றார். வயிற்றில் செய்ததற்குத் தோளில் ஏன் வலி? திரும்ப டாக்டரிடம் போனேன். உள்ளே மிஞ்சிய கேஸின் வேலை, தானே போய்விடும் என்றார். அதற்குள் அவர் என்னை வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்ளத் தொடங்கியிருந்தார்.

நேற்று மசால் வடை தின்று அம்சவல்லிக்கு மறுபடி வலி. சுருண்டு படுத்தபடியே, "என்னாங்க, கையெழுத்துப் போடறீங்களா இல்லியா? பொண்ணு பாக்க வந்தப்பயும் இப்பிடித்தான், மூணு மாசம் கழிச்சித்தான சரின்னீங்க" என்றாள். பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் காகிதத்தில் என் பெயர் இருக்கும். அதற்கப்புறம் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?

நீங்கள் உடன்பிறந்தவர். நாளைக்குள் புறப்பட்டு வந்து, எனக்குப் பதிலாகக் கையெழுத்திட வேண்டுகிறேன். இது கோழைத்தனம் என்பதை அறிவேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். பெரியவர்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
பழமலைநாதன்

பின்குறிப்பு (வியாழன்): அடித்தல் திருத்தல் இல்லாமல் இதை மறுபடி எழுதியதில் தபாலில் சேர்க்கத் தாமதமாகிவிட்டது. நீங்கள் வர வேண்டாம். நேற்றுக் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அம்சவல்லி பாரத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போய்விட்டாள். நோயாளியே போட்டால் போதும் என்றாராம் டாக்டர். நான் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்தியிருந்தார்கள். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் காத்திருந்தேன். சுகமாக இருக்கிறாள், இன்று இட்லி சாப்பிட்டாள். நர்ஸிடம் பாரத்தைக் கேட்டு வாங்கி, அவள் பெயருக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன். "ஆபரேசந்தான் முடிஞ்சிபோச்சே, இப்ப எதுக்குங்க தாத்தா?" என்றது அந்தப் பெண். தேதியை மட்டும் ஒரு நாள் முன்னதாகப் போடலாமா என்று கேட்டேன். அதற்கு விதி இல்லையாம்.